சிறிய அணியில் ஆடும் வாய்ப்பு: மாநிலம் மாறும் வீரர்களும் அணியே இல்லாத அந்தமானும்

2021-ஆம் ஆண்டு டிசம்பரில் கொச்சியில் நடைபெற்ற சந்தோஷ் கோப்பை கால்பந்துத் தகுதிச் சுற்றில் அந்தமான் நிக்கோபார் அணியைக் கேரளம் 9-0 என்ற கோல் கணக்கில் வென்றது. அதே கேரள அணி 2022 மே மாதம் மஞ்சேரியில் மேற்கு வங்கத்தைப் பெனால்டி முறையில் வீழ்த்திக் கோப்பையையும் கைப்பற்றியது. ஒன்பது கோல்களை வாங்கித் தீவு அணி ஊர் திரும்பியது என்றாலும், நாட்டின் மிகச் சிறந்த மாநில அணியோடு தொண்ணூறு நிமிடங்கள் ஆடினோம் என்று சொல்லிக்கொள்ள அவ்வீரர்களுக்கு இடம் இருந்தது.

கிரிக்கெட்டில் அந்த இடமும் இல்லை. ரஞ்சிக் கோப்பையில் இன்று 38 அணிகள் விளையாடுகின்றன. தில்லி, சண்டீகர், புதுச்சேரி, ஜம்மு-காஷ்மீர் ஆகிய ஒன்றியப் பிரதேசங்களின் அணிகளும் அவற்றில் அடங்கும். அந்தமான் நிக்கோபாருக்கும் லட்சத்தீவுக்கும் அணி கிடையாது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தீவுகளில் வாழ்வோர் ஏறத்தாழ 3.8 லட்சம் பேர். அவர்களில் ஏறக்குறைய ஏழில் ஒருவரின் தாய்மொழி தமிழ்.

பெருநிலத்திலோ வேறொரு போக்கு பல ஆண்டுகளாகத் தொடர்கிறது. வலுவான மாநில அணிகளில் இடம் கிடைக்காத, அல்லது இடத்தை இழந்த வீரர்கள், வலுக்குறைந்த அல்லது புதிதாகத் தொடங்கப்பட்ட அணிகளுக்குச் சென்று ஆடுகிறார்கள். பெயர் பெற்ற அணியின் காத்திருப்பு வரிசையில் அமர்வதைவிடச் சிறிய அணியின் ஆடும் பதினொருவரில் ஒருவராக இருப்பது மேல் என்பதே அவர்களின் கணக்கு.

விதி என்ன சொல்கிறது?

ஒரு வீரர் எந்த மாநிலத்துக்காக ஆடலாம் என்பதைப் பிறப்பு, குடியிருப்பு, கல்வி, வேலை ஆகியவற்றின் அடிப்படையில் இந்தியக் கிரிக்கெட் கட்டுப்பாட்டு வாரியம் முடிவு செய்கிறது. இவற்றுள் எதுவும் பொருந்தாதவர் வெளிமாநிலத் தொழில்முறை வீரராகச் சேரலாம். ஓர் அணி அத்தகையோர் மூவரை மட்டுமே வைத்துக்கொள்ள முடியும். எந்த வழியில் மாறினாலும் தாய்ச் சங்கம் தடையில்லாச் சான்றிதழ் வழங்க வேண்டும். அது கிடைத்த பிறகே புதிய சங்கத்தில் பதிவு நடைபெறும்.

பொருளாதாரக் காரணமும் வெளிப்படையானது. 2021-ஆம் ஆண்டு திருத்தப்பட்ட ஊதிய விகிதப்படி, 40-க்கும் மேற்பட்ட முதல்தர ஆட்டங்களில் ஆடியவருக்கு ஒரு நாளுக்கு 60,000 ரூபாயும், 21 முதல் 40 ஆட்டங்கள் வரை ஆடியவருக்கு 50,000 ரூபாயும், அதற்கும் குறைவாக ஆடியவருக்கு 40,000 ரூபாயும் வழங்கப்படுகின்றன. அணியில் இருந்தும் ஆடாதவருக்கு இதில் பாதியே கிடைக்கும். இதற்கு அப்பால் தொழில்முறை வீரர் புதிய சங்கத்துடன் தனியே ஒப்பந்தத் தொகை பேசிக்கொள்ளலாம். ஆயினும் பணத்தைவிடப் பெரியது ஓட்டக் கணக்கு. ஆடாதவரின் பெயரைத் தேர்வாளர் எந்தப் பட்டியலில் தேடுவார்?

கருண் நாயரின் பயணம்

அண்மைக் காலத்தில் இதற்கு மிகத் தெளிவான எடுத்துக்காட்டு கருண் நாயர். 2016 டிசம்பரில் சென்னை சேப்பாக்கத்தில் இங்கிலாந்துக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 303 ரன்கள் குவித்தவர் அவர். டெஸ்ட் போட்டியில் சேவாக்குக்கு அடுத்து முச்சதம் அடித்த இரண்டாவது இந்தியர். ஆனால், அடுத்த டெஸ்டிலேயே அவருக்கு இடம் இல்லை. 2017 மார்ச்சில் தர்மசாலாவில் ஆடிய பிறகு இந்திய அணிக் கதவு மூடிக்கொண்டது. 2022-23 பருவத்தில் கர்நாடக அணியிலிருந்தும் நீக்கப்பட்டார். அந்த டிசம்பரில், கிரிக்கெட் தனக்கு இன்னொரு வாய்ப்புத் தர வேண்டும் என்று சமூக ஊடகத்தில் அவர் எழுதிய ஒற்றை வரி பரவலாகப் பேசப்பட்டது.

வாய்ப்பு விதர்பாவிலிருந்து வந்தது. கர்நாடகச் சங்கத்தின் சான்றிதழுடன் 2023-இல் நாகபுரிக்குச் சென்றார். இடையில் இங்கிலாந்தின் நார்தாம்ப்டன்ஷயர் அணிக்கும் ஆடினார். 2024-25 விஜய் ஹசாரே ஒருநாள் போட்டித் தொடரில் ஐந்து சதங்களுடன் 779 ரன்கள் எடுத்தார். தொடர் முழுவதும் இரண்டே முறை ஆட்டமிழந்ததால் அவருடைய சராசரி 389.50. அத்தொடரின் இறுதிப் போட்டியில் அவர் தலைமையேற்ற விதர்பாவை வென்றது, அவரை வேண்டாம் என்று விட்ட கர்நாடகம்தான்.

அதே பருவத்தின் ரஞ்சிக் கோப்பையில் அவர் 863 ரன்கள் சேர்த்தார். 2025 பிப்ரவரி இறுதியில் நாகபுரியில் தொடங்கிய இறுதிப் போட்டியில் 86, 135 என இரு இன்னிங்ஸ்களிலும் நிலைத்து ஆடினார். முதல் இன்னிங்ஸ் முன்னிலையால் விதர்பா மூன்றாவது முறையாகக் கோப்பையை வென்றது. அவ்வாண்டு ஜூன் 20 அன்று லீட்ஸ் நகரில், எட்டாண்டு இடைவெளிக்குப் பின், இந்திய டெஸ்ட் அணியில் மீண்டும் களம் இறங்கினார். முதல் இன்னிங்ஸில் ரன் எதுவும் எடுக்கவில்லை. ஓவல் மைதானத்தில் அடித்த 57 ரன்களே அத்தொடரில் அவருடைய ஒரே அரைச்சதம். அடுத்த உள்நாட்டுத் தொடருக்கு அவர் தேர்வாகவில்லை. 2025-26 பருவத்தில் கர்நாடகத்துக்கே திரும்பிவிட்டார்.

நாகபுரி இறுதிப் போட்டியில் எதிரணியிலும் இதே கதை ஆடிக்கொண்டிருந்தது. முதன்முறையாக இறுதிக்கு வந்த கேரளத்துக்காக 79 ரன்கள் எடுத்த ஆதித்ய சர்வதே, 2018-19 இறுதிப் போட்டியில் 11 விக்கெட்டுகள் வீழ்த்தி விதர்பாவுக்குக் கோப்பை வாங்கித் தந்தவர். கேரளத்தின் ஜலஜ் சக்சேனா மத்தியப் பிரதேசத்திலிருந்து 2016-இல் வந்தவர். ரஞ்சிக் கோப்பையில் 6,000 ரன்களையும் 400 விக்கெட்டுகளையும் எட்டிய முதல் வீரர் என்ற சாதனை அவருடையது. இந்திய அணிக்கு அவர் ஒருமுறையும் ஆடியதில்லை.

சேப்பாக்கம் கண்ட பாடம்

விதர்பாவுக்கு இது பழகிய வழி. எட்டு ரஞ்சிக் கோப்பைகளை மும்பையுடன் வென்ற வாசிம் ஜாபர் 2015-16 பருவத்தில் அங்கு சென்றார். அதற்கு முன் கோப்பையைத் தொட்டிராத அந்த அணி 2017-18, 2018-19 ஆகிய இரு ஆண்டுகளும் தொடர்ந்து வென்றது. இரண்டாவது ஆண்டில், நாற்பது வயதைக் கடந்த ஜாபர் 1,037 ரன்கள் எடுத்தார்.

அதற்கும் முன்னோடி ராஜஸ்தான். தில்லியில் இடம் இழந்த ஆகாஷ் சோப்ராவையும், மகாராஷ்டிரத்தைச் சேர்ந்த ஹ்ருஷிகேஷ் கனித்கரையும் சேர்த்துக்கொண்ட அந்த அணி, 2010-11 பருவத்தைக் கீழ்நிலைப் பிரிவில் தொடங்கிக் கோப்பையோடு முடித்தது. மறு ஆண்டு இறுதிப் போட்டி சேப்பாக்கத்தில் நடைபெற்றது. கனித்கர் தலைமையிலான ராஜஸ்தான் 621 ரன்கள் குவித்தது. வினீத் சக்சேனா மட்டும் 257. முதல் இன்னிங்ஸிலேயே பின்தங்கிய தமிழ்நாடு கோப்பையை இழந்தது. 1987-88-க்குப் பிறகு தமிழ்நாட்டுக்கு ரஞ்சிக் கோப்பை கிட்டவே இல்லை என்பதைச் சென்னை ரசிகர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை.

தமிழ்நாட்டிலிருந்து வெளியே சென்றோரும் உண்டு. எஸ். பத்ரிநாத் 2014-இல் விதர்பாவுக்குச் சென்று அந்த அணிக்குத் தலைமை ஏற்றார். 2012-இல் இளையோர் உலகக் கோப்பை வென்ற இந்திய அணியில் இருந்த பாபா அபராஜித், 2024-இல் கேரளத்துக்கு மாறினார்.

உள்ளூர் வீரரின் இடம்

2018-19 பருவத்தில் புதுச்சேரி, பீகார், உத்தரகண்ட் ஆகியவற்றுடன் வடகிழக்கின் ஆறு மாநிலங்களும் ரஞ்சிக் கோப்பையில் சேர்க்கப்பட்டன. வெளிமாநில வீரர்களுக்குப் பெரும் சந்தை திறந்தது. தில்லியிலிருந்து சிக்கிம் சென்ற மிலிந்த் குமார் அப்பருவத்தில் 1,331 ரன்கள் எடுத்தார். ஒரே பருவத்தில் அதைவிட அதிகம் எடுத்திருந்தவர் அப்போது வி.வி.எஸ். லட்சுமண் ஒருவரே (1,415). மறு ஆண்டே அருணாசலப் பிரதேசத்துக்காக ஆடிய ஹரியாணாவின் ராகுல் தலால் 1,340 ரன்களுடன் மிலிந்தை முந்தினார். இருவருக்கும் இந்திய அணி அழைப்பு வரவில்லை. வலுக்குறைந்த பந்துவீச்சுக்கு எதிரே குவித்த ரன்களுக்குத் தேர்வாளர்கள் தரும் எடை குறைவு. சிறிய அணியைத் தேடிச் செல்வோர் ஏற்க வேண்டிய இடர் அது. மிலிந்த் பின்னர் அமெரிக்க அணிக்காக ஆடினார்.

மறுபக்கம், ஒவ்வொரு வெளிமாநில வீரரும் ஓர் உள்ளூர் இளைஞரின் இடத்தில் நிற்கிறார். மூவர் என்ற வரம்பு அதற்காகவே உள்ளது. ஆனால் குடியிருப்பு, வேலை ஆகிய வழிகளில் பதிவு பெறுவோர் அந்த மூவர் கணக்கில் வருவதில்லை. 2018 செப்டம்பரில் புதுச்சேரி அணிக்குத் தகுதி விதியில் முதலில் தளர்வு அளித்த வாரியம், எதிர்ப்பு எழுந்ததும் அதைத் திரும்பப் பெற்றுப் பல வீரர்களின் பதிவை ரத்து செய்தது, இந்த ஓட்டையை வெளிச்சமிட்டுக் காட்டியது.

அமெரிக்கக் கல்லூரிகளில்

இதே போக்கு அமெரிக்கக் கல்லூரிகளில் பெருந்திரளாக நிகழ்கிறது. அங்கு கால்பந்து என்பது முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஆடும் அமெரிக்கக் கால்பந்து. முதல் பிரிவின் மேல்நிலைக் கல்லூரி ஒன்று நீண்ட காலம் 85 வீரர்களுக்கு உதவித்தொகை அளிக்கலாம் என்றிருந்தது. களத்தில் ஒரு நேரத்தில் நிற்பவர் 11 பேர். மேல்நிலையிலிருந்து இன்னொரு மேல்நிலைக் கல்லூரிக்கு மாறினால் ஓராண்டு ஆடக் கூடாது, கீழ்நிலைக்கு மாறினால் பொதுவாக உடனே ஆடலாம் என்ற விதி, பலரைச் சிறிய கல்லூரிகளை நோக்கித் தள்ளியது. 2018 அக்டோபரில் இடமாற்றத்துக்கான இணையப் பதிவேடு தொடங்கியது. 2021-இல் ஒருமுறை மட்டும் காத்திருப்பின்றி மாற அனுமதி கிடைத்தது.

பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் வாய்ப்பின்றி இருந்த ஜோ பிளாக்கோ, 2005-இல் டெலவேருக்கு மாறினார். 2008-இல் பால்டிமோர் அணி அவரை முதல் சுற்றிலேயே தேர்ந்தெடுத்தது. 2013 பிப்ரவரியில் சூப்பர் பௌல் இறுதிப் போட்டியின் சிறந்த வீரராகவும் அறிவிக்கப்பட்டார். புளோரிடாவை விட்டு டெக்சாஸின் ஈராண்டுக் கல்லூரியான பிளின்னில் ஒரு பருவம் ஆடிய கேம் நியூட்டன், அடுத்த ஆண்டே ஆபர்ன் அணியைத் தேசியப் பட்டத்துக்கு இட்டுச் சென்றார்.

கப்பல் ஏறும் கனவு

இவர்கள் அனைவருக்கும் விட்டுச் செல்ல ஓர் அணி இருந்தது. அந்தமான் இளைஞரிடம் அதுவும் இல்லை. அவர் எடுக்கும் முதல் அடியே இடமாற்றம்தான். சென்னைக்கும் ஸ்ரீ விஜயபுரத்துக்கும் (2024 செப்டம்பர் வரை போர்ட் பிளேயர்) இடையே சுமார் 1,370 கிலோமீட்டர் கடல். கப்பலில் ஏறக்குறைய மூன்று நாள், விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றே கூடுதல். 1967-இல் தொடங்கப்பட்ட ஜவாஹர்லால் நேரு அரசுக் கல்லூரியில் பட்டம் படிக்கலாம். ரஞ்சிக் கோப்பையில் ஆட வேண்டுமானால் கல்வி அல்லது வேலையின் பேரில் பெருநிலத்து மாநிலம் ஒன்றில் குடியேற வேண்டும். அங்கே மாவட்ட அளவிலான போட்டிகளிலிருந்து தொடங்க வேண்டும். பதினைந்து வயது மகனைத் தனியே சென்னைக்கு அனுப்புவதா என்ற முடிவைப் பெற்றோர் எடுப்பது, அவன் ஆட்டத்தை எந்தத் தேர்வாளரும் பார்ப்பதற்கு முன்பே.

தீவுகளிலிருந்து உலக அரங்கை எட்டியோர் இந்த வரிசை இல்லாத விளையாட்டில் இருந்து வந்திருக்கிறார்கள். 2004 ஆழிப்பேரலையில் உயிர் தப்பிய நிக்கோபார்ச் சிறுமி டெபோரா ஹெரால்டு, மிதிவண்டிப் பந்தயத்தில் நாட்டின் முன்னணி வீராங்கனையாக உயர்ந்தார். அதே தீவுக் கூட்டத்தின் ஈசோ ஆல்பன், 2018-இல் சுவிட்சர்லாந்தின் ஐகிள் நகரில் நடைபெற்ற இளையோர் உலகப் போட்டியில் கெய்ரின் பிரிவில் வெள்ளி வென்றார். மிதிவண்டிப் பந்தயத்தில் மாநில அணியின் பதினொருவரில் இடம்பிடிக்க வேண்டியதில்லை. கடிகாரம் காட்டும் நேரமே தேர்வாளர். இருந்தும் இருவரும் உயர்நிலைப் பயிற்சிக்குத் தில்லிக்குத்தான் செல்ல வேண்டியிருந்தது.