நிரல் எழுதுவோர் வந்த வழி

உலக யுத்தத்தில் சீர்குலைந்து கிடந்த நெதர்லாந்து தேசம் தன்னைப் புனர்நிர்மாணம் செய்துகொள்ள முற்பட்ட காலத்தில், 1946-ஆம் ஆண்டில், ஆம்ஸ்டர்டாம் நகரத்தில் கணித மையம் என்னும் ஸ்தாபனம் நிறுவப்பெற்றது. பழைய பள்ளிக்கூடக் கட்டடம் ஒன்றில் அமைந்த அந்த மையத்தில், அட்ரியான் வான் வைங்கார்டன் என்னும் கணித பண்டிதரின் தலைமையில் இயங்கிய கணக்கீட்டுப் பிரிவிலே, இளம்பெண்கள் வரிசையாக அமர்ந்து, மேஜைமேல் வைத்துச் சுழற்றும் கணக்குக் கருவிகளைக் கொண்டு நாள் முழுவதும் எண்களைப் பெருக்கியும் வகுத்தும் அட்டவணைகளை நிரப்பிவந்தார்கள். நீண்ட கணக்கொன்றைச் சிறு சிறு படிகளாகப் பகுத்து, இன்னதன் பின் இன்னது என்று காகிதத்தில் வரிசைப்படுத்தித் தந்தால் யோசனையின்றியே செய்து முடிக்கலாம் என்னும் ஞானம், யந்திரம் வருவதற்கு முன்பே அந்த அறையில் குடிகொண்டிருந்தது என்பதையும், யந்திரம் வந்தபின் அதற்கு நிரல் எழுதத் தலைப்பட்டவர்களில் அப்பெண்களில் சிலரும் இருந்தார்கள் என்பதையும், இத்தொழிலின் வரலாற்றைக் கூறுவோர் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள்.

அக்காலத்தில் இவ்வித்தையை அறிய விரும்புவோர் செல்லக்கூடிய இடங்கள் வெகு சில. அவற்றுள் முதன்மையானது கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலை. அங்கே மாரிஸ் வில்க்ஸ் என்பவர் நிர்மாணித்த எட்சாக் என்னும் கணிப்பொறி 1949-ஆம் ஆண்டு மே மாதம் 6-ஆம் தேதி முதன்முதலாக இயங்கி, எண்களின் வர்க்கங்களை அட்டவணையாக அச்சிட்டுக் கொடுத்தது. தாம் எழுதிய நிரலில் உள்ள பிழைகளைத் தேடுவதிலேயே தமது எஞ்சிய ஆயுளில் பெரும் பகுதி கழியப்போகிறது என்பது மாடிப்படியின் திருப்பம் ஒன்றில் திடீரென்று தமக்குப் புலனாயிற்று என்று வில்க்ஸ் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். இத்தொழிலின் முதல் ஞானோதயம் இதுவே எனலாம்; அது சந்தோஷமான ஞானோதயம் அன்று.

வில்க்ஸ் நடத்திய குறுகிய காலப் பயிற்சிக்கு 1951-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் வந்து சேர்ந்தவர்களில் ஒருவர், லைடன் சர்வகலாசாலையில் பௌதிகம் பயின்றுகொண்டிருந்த எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா என்னும் வாலிபர். சட்டம் பயின்று ஐக்கிய நாடுகள் சபையில் தம் தேசத்தின் பிரதிநிதியாக வேண்டும் என்று இளமையில் எண்ணியிருந்தவரும், ரசாயனம் அறிந்த தந்தைக்கும் கணிதம் அறிந்த தாய்க்கும் பிறந்தவருமாகிய அவரை, தந்தையின் தூண்டுதலே கேம்பிரிட்ஜுக்கு அனுப்பியது. அடுத்த ஆண்டு மார்ச் மாதத்தில் அவர் கணித மையத்தில் நிரல் எழுதும் உத்தியோகத்தை ஏற்றார். வினோதம் என்னவென்றால், அவர் எழுதிய நிரல்களை இயக்கிப் பார்க்கக்கூடிய யந்திரம் அங்கே இன்னும் உருவாகவில்லை.

இந்த வினோதத்தையே நான் இவ்வரலாற்றின் மூலவித்து என்று கருதுகிறேன். பிராம் லூப்ஸ்ட்ரா, கேரல் ஸ்கோல்டன் என்னும் இரு நண்பர்கள் ரிலேக்களைக் கொண்டு நிர்மாணித்த ஆர்ரா என்னும் யந்திரமோ, எந்தக் கணத்தில் பிழை செய்யும் என்று சொல்ல முடியாத சுபாவம் உடையது. 1952-ஆம் ஆண்டில் பிரமுகர்கள் முன்னிலையில் அதை அரங்கேற்றியபோது, எண்களை இலக்கின்றி, ஒழுங்கின்றி அச்சிடும் பணியை அதற்குக் கொடுத்தார்களாம்; அந்த எண்களில் பிழை இருந்தாலும் ஒருவரும் கண்டுபிடிக்க இயலாது அல்லவா! அதன்பின் அது உருப்படியாக ஒன்றும் செய்யவில்லை. அமெரிக்காவில் ஹார்வர்டில் டாக்டர் பட்டம் பெற்றுத் திரும்பிய கெரிட் பிளாவ் என்பவர் இவர்களோடு சேர்ந்த பிறகே, ஒழுங்கும் கட்டுப்பாடும் மிக்க முறையில் முற்றிலும் புதிய யந்திரம் ஒன்று உருவாகி, விமான இறக்கைகளின் அதிர்வைக் கணிப்பது போன்ற மெய்யான காரியங்களில் ஈடுபட்டது. யந்திரம் இன்னின்ன கட்டளைகளுக்கு இன்னின்னவாறு நடந்துகொள்ளும் என்னும் விவரணத்தை முதலில் எல்லோருமாகக் கூடி எழுத்தில் நிச்சயித்துக்கொள்வது, பின்னர் யந்திரம் செய்வோர் அதன்படி யந்திரத்தையும், டைக்ஸ்ட்ரா அதன்படி நிரலையும், ஒருவரை ஒருவர் எதிர்பாராமல் செய்துகொண்டு போவது என்ற வழக்கம் அவர்களிடையே ஏற்பட்டது. நிரல் சரியா தவறா என்பதை ஓட்டிப் பார்த்து அறிய வழியில்லாதவர், எழுதும்போதே தர்க்கத்தினால் அதை நிச்சயித்துக்கொள்ளக் கடமைப்பட்டவராகிறார். வறுமையால் நேர்ந்த இந்தப் பழக்கமே பிற்பாடு அவருக்குக் கொள்கையாக முதிர்ந்தது.

ஆயினும் இது ஒரு தொழில்தானா என்ற ஐயம் அவரை வருத்திற்று. பௌதிகத்துக்குப் பின்னால் நூற்றாண்டுகளின் கௌரவம் நின்றது. நிரல் எழுதுவதற்குப் பின்னால் நின்றது சிறிதளவு சாமர்த்தியமும் சில தந்திரங்களுமே. 1955-ஆம் ஆண்டில் அவர் வான் வைங்கார்டனிடம் இதை மனம் விட்டுச் சொன்னபோது, அந்தப் பண்டிதர் பொறுமையாகக் கேட்டு, அப்படியொரு சாஸ்திரம் இன்னும் இல்லை என்பதை ஒப்புக்கொண்டு, ஆனால் கணிப்பொறிகள் நிலைத்திருக்கவே வந்தவை என்றும், அதைக் கௌரவமுள்ள சாஸ்திரமாக ஆக்குவோரில் ஒருவராக ஏன் நீரே இருக்கக்கூடாது என்றும் வினவினார். அந்தச் சம்பாஷணையின் பின் டைக்ஸ்ட்ரா பௌதிகப் படிப்பை விரைவில் முடித்துவிட்டு இந்த வழியில் இறங்கினார். அரசாங்கம் மட்டும் அவ்வளவு எளிதில் இணங்கவில்லை: 1957-இல் அவர் விவாகம் செய்துகொண்டபோது, நிரல் எழுதுபவர் என்று ஓர் உத்தியோகம் கிடையாது என ஆம்ஸ்டர்டாம் அதிகாரிகள் மறுக்கவே, பதிவேட்டில் தம்மைப் பௌதிகக் கோட்பாட்டாளர் என்று எழுதிக்கொள்ளும்படி ஆயிற்று. அதற்கு முந்திய ஆண்டிலேயே, மணம் பேசியிருந்த பெண்ணுடன் கடைவீதியில் அலைந்து களைத்து ஒரு காப்பிக் கடையில் அமர்ந்த இருபது நிமிஷங்களில், காகிதமும் பேனாவும் இன்றி, ஊர்களுக்கு இடையே மிகக் குறுகிய வழியைக் காணும் முறையை அவர் மனத்திலேயே வகுத்திருந்தார். ஆர்மாக் என்னும் யந்திரத்தின் திறனைப் பாமர ஜனங்களுக்கு விளக்குவதற்காக, தேசத்தின் 64 நகரங்களைக் கொண்டு அம்முறை காட்டப்பெற்றது. இன்று நமக்கு வழிகாட்டும் கைப்பேசிப் படங்கள் யாவும் அந்த இருபது நிமிஷங்களுக்குக் கடன்பட்டவை.

இதற்குள் பிளாவ் அமெரிக்காவுக்குச் சென்று ஐபிஎம் கம்பெனியில் சேர்ந்துவிட்டார். அங்கே, தம்மைப் போலவே ஹார்வர்டில் ஹோவர்ட் ஐக்கனிடம் பயின்ற ஃபிரெட் புரூக்ஸுடனும், ஜீன் அம்டாலுடனும் கூடி அவர் வகுத்ததே, 1964-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் தேதி உலகத்துக்கு அறிவிக்கப்பெற்ற சிஸ்டம் 360. அதுவரை ஒவ்வொரு யந்திரத்துக்கும் தனித்தனி பாஷை. சிறிய யந்திரத்தை விட்டுப் பெரிய யந்திரத்துக்குப் போகிறவர் தம் நிரல்களை எல்லாம் மறுபடி எழுதியாக வேண்டும். சிறியதிலிருந்து பெரியதுவரை பல யந்திரங்கள், ஆனால் நிரல் எழுதுவோரின் கண்ணுக்கு எல்லாம் ஒன்றே என்னும் ஏற்பாட்டை இவர்கள் செய்தார்கள். அவ்வாறு கண்ணுக்குத் தோன்றும் ரூபத்தையே ஆர்க்கிடெக்சர் என்றார்கள். கடிகாரத்தின் முகம், முட்கள், சாவி இவற்றை அறிந்தவன் எந்தக் கடிகாரத்திலும் மணி பார்ப்பான், உள்ளே சக்கரங்கள் எப்படி இருந்தாலும் சரி என்பது இதற்கு அவர்கள் கூறிய விளக்கம். பழைய பள்ளிக்கூடக் கட்டடத்தில் நால்வர் தங்களுக்குள் செய்துகொண்ட எழுத்து உடன்படிக்கையின் சாயல், இந்த மாபெரும் வியாபாரத்தில் எனக்குத் தெரிகிறது.

யந்திரம் வென்றது, அதை நடத்தவேண்டிய மென்பொருளோ படுத்திற்று. ஓஎஸ் 360 என்னும் அந்த மென்பொருளில் ஒரு கட்டத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் உழைத்தனர். 1963-க்கும் 1966-க்கும் இடையே ஏறத்தாழ 5000 மனித ஆண்டுகள் செலவாயின. அவ்வளவு செய்தும் அது தாமதமாகவும் குறைகளோடும் வந்தது. யந்திரத்தை விட மென்பொருளை நிர்வகிப்பது ஏன் இத்தனை கடினம் என்று கம்பெனித் தலைவர் வாட்சன் கேட்ட கேள்விக்கு, சாப்பல் ஹில் சர்வகலாசாலைக்கு ஆசிரியராகச் சென்றுவிட்ட புரூக்ஸ், 1975-இல் ஒரு நூலாகவே விடை எழுதினார். தாமதமாகிவிட்ட வேலையில் மேலும் ஆட்களைச் சேர்த்தால் தாமதம் அதிகரிக்கும் என்பதும், முழு அமைப்பும் ஒரு மனத்திலிருந்தோ, ஒத்த கருத்துடைய மிகச் சிலரிடமிருந்தோ உதிக்க வேண்டும் என்பதும் அதன் சாரம். மென்பொருள் ஆர்க்கிடெக்ட் என்னும் உத்தியோகத்தை இன்று விரும்புவோர் அனைவரும் அறிந்தோ அறியாமலோ இந்த இரண்டாவது வாக்கியத்தின் வாரிசுகளே.

ஓஎஸ் 360 உருவாகிவந்த அதே காலத்தில், நெதர்லாந்தின் ஐந்தோவன் நகரில், சராசரியாக ஆறு பேர், அவர்களும் அரை நேர ஊழியர்கள், டைக்ஸ்ட்ராவின் கீழ் ஓர் இயக்க மென்பொருளை அடுக்கு அடுக்காகக் கட்டினார்கள். கீழடுக்கைச் சோதித்து நிச்சயித்த பின்னரே மேலடுக்கு. சோதனையில் அகப்பட்டவை ஏறக்குறைய ஐந்நூறு கட்டளைக்கு ஒன்று வீதம் அற்பப் பிழைகளே என்று 1968-இல் அவர் பெருமையுடன் எழுதினார். ஆறு பேரின் அனுபவம் ஆயிரம் பேருக்குப் பொருந்துமா என்று கேட்போர் அன்றும் உண்டு, அவர்கள் கேட்டதிலும் நியாயம் உண்டு. விமான டிக்கெட் விற்கும் கம்பெனிக்குக் காத்திருக்க நேரம் ஏது? டைக்ஸ்ட்ராவோ விட்டுக்கொடுக்கவில்லை. தம் பழைய சகாவான பிளாவ் பங்கேற்ற 360-ஐயுங்கூட அவர் கடுமையாகக் கண்டித்தார்.

அமெரிக்காவில் ஆஸ்டின் சர்வகலாசாலைக்குப் போனபின், 1988-இல், முதல் ஆண்டு மாணவர்களுக்குக் கற்பிக்க வேண்டிய முறை பற்றி அவர் ஒரு யோசனை சொன்னார்: எளிய பாஷை ஒன்றில் நிரல் எழுதச் சொல்ல வேண்டும், ஆனால் அந்தப் பாஷையை ஓட்டக்கூடிய கணிப்பொறி சர்வகலாசாலையில் எங்குமே இருக்கக்கூடாது, எழுதியதைத் தர்க்கத்தால் நிரூபிப்பதே மாணவனின் வேலை. சகாக்கள் பலர் இதை ஏற்கவில்லை. மாணவர்களைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள் என்பதை ஊகிப்பது கடினமன்று.