அங்காடித் தெருவும் கற்படுக்கையும்

பாண்டியரின் தலைநகராகிய மதுரை, தமிழ் வளர்த்த நகரம் என்றே பெரிதும் போற்றப்படுகிறது. அந்நகரம் வணிகத்தாலும் வளர்ந்தது. அதன் அங்காடித் தெருவில் கடை விரித்தவர்கள் யார், என்ன விற்றனர், ஈட்டிய பொருளை எவ்வாறு செலவிட்டனர் என்னும் வினாக்களுக்கு இரு வகைச் சான்றுகள் விடை தருகின்றன. ஒன்று புலவர்கள் பாடிய பாட்டு. மற்றொன்று, மதுரையைச் சூழ்ந்த குன்றுகளில் சமண முனிவர் தங்கிய குகைத்தளங்களின் நெற்றியில் வெட்டப்பட்ட தமிழ் பிராமிக் கல்வெட்டு. பாட்டு தெருவைக் காட்டுகிறது. கல் மனிதரைக் காட்டுகிறது. இரண்டும் ஒரே ஆண்டில் தோன்றியவை அல்ல. எனினும், இரண்டையும் அருகருகே வைத்து நோக்குவோர்க்கு, மறைந்துபோன ஒரு தெரு மீண்டும் உயிர்பெற்று எழுகிறது.

நாளங்காடியும் அல்லங்காடியும்

தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியனை நோக்கி மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சி 782 அடிகளை உடையது. பத்துப்பாட்டில் நீளத்தால் முதன்மை பெற்றது. அதில் மதுரைத் தெரு, ஆறு கிடந்தாற்போல் அகன்றும் நீண்டும் கிடக்கிறது. பகலில் கூடும் நாளங்காடியில் பூவும் மாலையும் நறுஞ்சுண்ணமும் வெற்றிலையும் பாக்கும் சங்குச் சுண்ணாம்பும் விற்கப்படுகின்றன. நரைத்த கூந்தலையுடைய முதிய பெண்டிர் மணப்பொருள்களை ஏந்தி மனைதோறும் சென்று விற்கின்றனர். சங்கை அறுத்து வளையல் கடைவோர், மணிக்குத் துளையிடுவோர், சுட்ட பொன்னால் அணிகலன் செய்வோர், பொன்னை உரைத்து மாற்றுக் காண்போர், புடைவை விற்போர், செம்பை நிறுத்து வாங்குவோர், ஓவியர் எனத் தொழிலாளர் கூட்டம் நிறைகிறது.

மாலையில் அல்லங்காடி கூடுகிறது. அதன் ஆரவாரத்தைக் கூடு திரும்பும் பறவைகளின் ஒலிக்குப் புலவர் ஒப்பிடுகிறார். இரவு முதிர்ந்ததும் சங்கொலி அடங்குகிறது. வணிகர் கடைகளை அடைக்கின்றனர். மெல்லிய அடையும் பாகு சேர்த்துப் பிடித்த மோதகமும் விற்ற கூவியர், தம் பண்டங்களின் அருகிலேயே உட்கார்ந்தபடி உறங்கிவிழுகின்றனர். இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பின்னரும், திருவிழா முடிந்த நள்ளிரவில் எந்த ஊர்க் கடைத்தெருவிலும் காணத்தக்க காட்சி இது.

கொடி பறந்த தெருவில் நோன்பு காத்தோர்

அத்தெருவில் பலவகைக் கொடிகள் பறந்தன. விழாக் கொடியும் வெற்றிக் கொடியும் பறந்த இடத்தில், கள் விற்பனையை அறிவிக்கும் கொடியும் பறந்தது. ஊன் கலந்த சோறும் நகரில் விற்கப்பட்டது. மருதனார் எதையும் மறைக்கவில்லை.

அதே பாட்டில்தான் மதுரையின் அமண் பள்ளியும் இடம்பெறுகிறது. செம்பினால் செய்தாற்போன்ற சிவந்த சுவர்கள், அவற்றில் ஓவியங்கள், குளத்தைக் கண்டாற்போன்ற குளிர்ச்சி. உள்ளே முக்காலமும் உணர்ந்த, நோன்பால் மெலிந்த முனிவர்கள். அவர்களுடைய சிறிய குண்டிகைகள் உறிகளில் தொங்குகின்றன. பூவும் புகையும் ஏந்திச் சாவகர் வழிபடுகின்றனர். பள்ளியை அடுத்து அறங்கூறவையத்தையும், காவிதிப் பட்டம் பெற்றோரையும், அதன்பின் அறநெறி பிறழாத வணிகரையும் புலவர் வரிசைப்படுத்துகிறார்.

சாவகர் வாழ்ந்தது தனித்ததொரு தவச்சோலையில் அன்று. கள் கொடி பறந்த நகரில், ஊன் சோறு மணந்த தெருவில், அவற்றின் நடுவே நடந்து சென்று அவர்கள் பள்ளியை அடைந்தனர். இல்லறத்தார்க்குரிய அணுவிரதம் காட்டில் காப்பதற்காக வகுக்கப்பட்டதன்று. கடைத்தெருவில் காப்பதற்காகவே வகுக்கப்பட்டது.

குன்றின் மேல் வணிகர் பெயர்

மதுரைக்கு வடக்கே அழகர்மலையில், கிடாரிப்பட்டியை ஒட்டிய உயரமான பாறையில் ஒரு குகைத்தளம் உள்ளது. மழைநீர் உள்ளே வழியாதபடி பாறையின் விளிம்பில் காடி வெட்டப்பட்டிருக்கிறது. தரையில் முனிவர் படுப்பதற்கான கற்படுக்கைகள். பாறையில் கொடையாளிகளின் பெயர்கள். கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் இவற்றைக் கி.மு. முதலாம் நூற்றாண்டைச் சேர்ந்தவையாகக் கணித்தார்.

அப்பெயர்களைப் படிக்கும்போது ஒரு கடைவீதியே கண்முன் விரிகிறது. உப்பு வணிகன் ஒருவன். பாணித வணிகன் நெடுமூலன். பாணிதம் என்பது பாகு. கொழு வணிகன் இளஞ்சந்தன். கொழு என்பது ஏரின் இரும்பு முனை. அறுவை வணிகன் ஒருவன். அறுவை என்பது துணி. மதுரைப் பொற்கொல்லன் ஆதன். இவர்களுள் அரசரும் இல்லை, படைத்தலைவரும் இல்லை. கடற்கரையிலிருந்து வந்த உப்பை அளந்து விற்றவரும், உழவர்க்குக் கொழு விற்றவரும், கூவியர் பிடித்த மோதகத்துக்கு ஒப்பான தின்பண்டங்களுக்குப் பாகு விற்றவரும் ஆகிய எளிய கடைக்காரர்கள் இவர்கள். தம் பெயருக்கு முன்னே தம் தொழிலைப் பொறித்துக்கொண்டனர்.

இது மதுரைக்கு மட்டும் உரிய வழக்கம் அன்று. மதுரைக்கு அண்மையிலுள்ள மாங்குளம் குன்றில் வெள்ளறை நிகமத்தோர், அதாவது ஒரு வணிகக் குழுவினர், ஒன்றுகூடிக் கொடையளித்தனர். அக்குன்றின் கல்வெட்டுகளில் நெடுஞ்செழியன் பெயரும் காவிதிப் பட்டமும் காணப்படுகின்றன. கரூரை அடுத்த புகழூரில் கருவூர்ப் பொன் வாணிகன் ஒருவன் முனிவர்க்கு அதிட்டானம் அமைத்தான். 1882-இல் இராபர்ட் சுவெல் மாங்குளம் கல்வெட்டுகளைக் கண்டறிந்தார். அவை தமிழ் மொழியில் அமைந்தவை என்பதை 1924-இல் கே.வி. சுப்பிரமணிய ஐயர் எடுத்துக்காட்டினார். அதுவரை அவ்வணிகரின் பெயர்கள் படிப்பாரின்றிக் கிடந்தன.

ஒரு தெரு, இரு பொற்கொல்லர்

மதுரைக் கடைவீதியை மற்றொரு முறை கண்முன் நிறுத்தியவர், சமணத் துறவியாகப் போற்றப்படும் இளங்கோவடிகள். சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில், கண்ணகியைக் கவுந்தியடிகளிடம் விட்டுக் கோவலன் நகரைச் சுற்றி வருகிறான். மணிகளின் குற்றமும் குணமும் அறிந்தோர் இருக்கும் தெரு. நால்வகைப் பொன்னையும் வாங்குவோர் மயங்காதபடி கொடி கட்டி வேறுபடுத்திய தெரு. நூலாலும் மயிராலும் பட்டாலும் நெய்த துணிகள் அடுக்கிய தெரு. துலாக்கோலும் அளவைகளும் ஏந்தியோர் திரிய, மிளகு மூடையும் கூலமும் குவிந்த தெரு. வணிகர் மகனாகிய கோவலன் கண்டு மகிழ்ந்து திரும்புகிறான்.

அவன் சாவக நோன்பினன். அவன் பகலிலேயே உண்ணும்பொருட்டு, ஆயர் சேரியில் கண்ணகி புதுக்கலத்தில் அடிசில் சமைக்கிறாள். அந்த உணவை உண்டு சிலம்புடன் கடைவீதிக்குச் சென்றவன், திரும்பவில்லை. பொற்கொல்லன் ஒருவனின் பொய்யால் உயிரிழந்தான். செய்தியறிந்த கவுந்தியடிகள் உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்தார்.

மதுரைப் பொற்கொல்லர் இருவர் இவ்வாறு வரலாற்றிலும் காப்பியத்திலும் நிலைபெற்றனர். ஒருவன் தான் திருடியதை மறைக்கப் பிறர்மேல் பழி சுமத்தினான். அவனுக்குக் காப்பியத்தில் ஒரு பெயர்கூட இல்லை. மற்றொருவன் அதே தொழிலில் ஈட்டிய பொருளை, கல்லில் படுத்துறங்கும் முனிவர்க்காகச் செலவிட்டான். ஆதன் என்னும் அவன் பெயர் இரண்டாயிரம் ஆண்டுகளாகப் பாறையில் நிற்கிறது. தொழில் ஒன்றே. துலாக்கோலும் உரைகல்லும் ஒன்றே. அவற்றைப் பிடித்த கை வேறு.

இல்லறத்தார் ஒழுக்கத்தை உரைக்கும் இரத்தினகரண்டக சிராவகாசாரமும், அதனை அடியொற்றித் தமிழில் எழுந்த அருங்கலச்செப்பும் இதையே விதியாக வகுத்தன. கள்ளாமை என்னும் அணுவிரதத்துக்கு ஐந்து மாசுகள் உண்டு. களவுக்கு வழிகாட்டுதல், களவாடிய பொருளைக் கொள்ளுதல், அரச நீதியை மீறுதல், ஒத்த பொருளைக் கலந்து விற்றல், அளவையில் கூட்டியும் குறைத்தும் ஏமாற்றுதல் என்பன அவை. ஐந்தும் கடைத்தெருவில் நிகழக்கூடியவை. கன்னமிட்டுத் திருடுவோர் சிலரே. ஆதலின் கலப்படத்தையும் கள்ள அளவையையும் களவின் மாசாகக் காட்டி, ஆசிரியர்கள் ஒவ்வொரு கடைக்காரரையும் எச்சரித்தனர்.

எஞ்சி நிற்பது

நெடுமூலனின் பாகுக் கடை இருந்த இடம் எது என்று இன்று காட்ட இயலாது. அங்காடித் தெருவின் மீது எத்தனையோ தலைமுறைகள் புதிய தெருக்களை அமைத்துவிட்டன. விற்ற உப்பு கரைந்தது; துணி மட்கியது; கொழு துருப்பிடித்தது. விற்காமல் கொடுத்த கல் மட்டும் எஞ்சியிருக்கிறது.

அந்தக் கல்லும் இனி என்றும் நிற்கும் என்று உறுதி கூற இயலவில்லை. மதுரையைச் சூழ்ந்த குன்றுகள் பலவற்றைக் கல் உடைப்போர் வெட்டியிருக்கின்றனர். கற்படுக்கைகளின் மேல், காண வருவோர் தம் பெயர்களைக் கீறிச் செல்கின்றனர். ஆதனும் இளஞ்சந்தனும் பெயர் பொறித்தது, ஒன்றைக் கொடுத்த பிறகு. இவர்கள் பொறிப்பது எதையும் கொடாமல். பண்டைய கல்வெட்டும் தீர்த்தங்கரர் திருவுருவமும் உடைய அரிட்டாபட்டி 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டமை ஆறுதல் அளிப்பது. அவ்வூர் மக்களின் விழிப்பே அதனைக் காத்தது.

திருவிழா நாளில் ஜினாலயம் செல்லும் தமிழ்ச் சமணக் குடும்பங்கள், ஆண்டுக்கு ஒரு முறையேனும் பிள்ளைகளுடன் இக்குன்றுகளில் ஏறலாம். உப்பு விற்றவரும் பாகு விற்றவரும் தம் முன்னோர் என்று அப்பிள்ளைகள் அறிதல் வேண்டும். மன்னர் கொடுத்த பொன்னால் மட்டும் இவ்வறம் தமிழ் மண்ணில் வேரூன்றவில்லை. அளவு குறையாமல் விற்ற கடைக்காரர், தம் ஊதியத்தில் ஒரு பங்கைக் குன்றின் மேல் கொண்டுசென்றமையாலும் அது வேரூன்றியது.

அறம் வாழ்க.