திருட்டு, பறிப்பு, நம்பிக்கை மோசடி: சட்டத்தின் பார்வையில்

பீரோவில் இருந்த நகை போனாலும், நம்பிக் கொடுத்த நகை திரும்பி வராவிட்டாலும் நாம் 'திருட்டு' என்றே சொல்கிறோம். 2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்திற்குப் பதிலாக நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா இவற்றைத் தனித்தனிக் குற்றங்களாகப் பிரிக்கிறது. புகாரில் எதை எழுதுகிறோம் என்பது இதனால் முக்கியமாகிறது.

பிறர் வசமுள்ள பொருளை, அவர் சம்மதமின்றி, நேர்மையற்ற நோக்கத்துடன் எடுத்து நகர்த்தினாலே திருட்டு (பிரிவு 303). மூன்றாண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். பழுது பார்க்கக் கொடுத்த நம் கைக்கடிகாரத்தைக் கூலி கொடுக்காமல் கடையிலிருந்து எடுத்து வந்தால் அதுவும் திருட்டுதான்! குடியிருக்கும் வீட்டில் திருடினாலும் (305), வேலைக்காரர் முதலாளியிடம் திருடினாலும் (306) ஏழாண்டு வரை சிறை.

செயின், செல்போன் பறிப்பு 304-ஆம் பிரிவில் தனிக் குற்றமாகியுள்ளது. பறிப்பதற்காகத் தாக்கினாலோ கத்தியைக் காட்டினாலோ அது கொள்ளை (309). பறிகொடுத்த செல்போனைத் 'தொலைந்தது' என்று எழுதிக் கொடுத்துவிட்டு வருபவர்கள் நம்மில் அதிகம். அப்படி எழுதினால் அது திருட்டுப் புகாரே ஆகாது. நடந்ததை நடந்தபடி எழுதி, முதல் தகவல் அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள், அது இலவசம்.

அமானிதத்தில்தான் குழப்பம் அதிகம். ஹஜ்ஜுக்குச் செல்லும்போது உறவினரிடம் ஒப்படைத்த நகையை அவர் அடகு வைத்துப் பணத்தைச் செலவழித்துவிட்டால் அது நம்பிக்கை மோசடி (316). ஐந்தாண்டு வரை சிறை. ஆனால் கைமாற்றாகக் கொடுத்த கடன் திரும்பவில்லை என்பது மட்டுமே குற்றமாகாது. அதற்கு சிவில் நீதிமன்றம்தான் வழி. ஒப்படைத்ததற்கு ஒரு சீட்டாவது எழுதி வாங்குவதில் சங்கடப்பட வேண்டியதில்லை.

கண்டெடுத்த பொருளை ஓராண்டு அறிவிப்புச் செய்ய வேண்டும் என்பது நபிமொழி. சட்டமும் உரிமையாளரைத் தேட நியாயமான முயற்சி செய்யாமல் வைத்துக்கொள்வதைக் குற்றமாக்குகிறது (314).

நம் பிள்ளைகள் மாட்டிக்கொள்ளக்கூடிய இடம் 317. திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்கினால் மூன்றாண்டு வரை சிறை. பில் இல்லாமல் பாதி விலைக்கு வரும் செல்போனுக்கு 'எனக்குத் தெரியாது' என்ற பதில் எளிதில் எடுபடாது. பழைய போன் வாங்கும்முன் *#06# அழுத்தினால் வரும் ஐ.எம்.இ.ஐ. எண்ணை மத்திய அரசின் சஞ்சார் சாத்தி இணையதளத்தில் சரிபாருங்கள். திருடுபோன நம் போனை முடக்கக் கோருவதும் அங்கேதான்.