தாம்பரத்துக் குன்றுகளும் ஒற்றையடிப் பாதைகளும்

சென்னையில் மலை ஏது, காடு ஏது என வெளியூர் அன்பர்கள் நம்மைக் கேலி செய்வதுண்டு. கடற்கரையையும் கபாலீச்சரத்தையும் காட்டி அனுப்பிவிடுவது நம் வழக்கம் என்பதால் அவர்கள்மீது குற்றமில்லை. பரங்கிமலையில் தொடங்கித் திரிசூலம், பல்லாவரம், நன்மங்கலம், சேலையூர், வண்டலூர் எனச் சிதறிக் கிடக்கும் குன்றுகளையும் புதர்க்காடுகளையும் நடந்து பார்த்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். புனித ஜார்ஜ் கோட்டைக்கு இன்னும் நானூறு வயது நிரம்பவில்லை. இக்குன்றுகளின் கதையோ ஆண்டுக்கணக்கில் அடங்காதது.

முதலில் பாறையைப் பார்ப்போம். கருநீலம் பாய்ந்த இப்பாறைக்குச் சார்னோகைட் என்பது பெயர். கல்கத்தாவை நிறுவியவராகக் கருதப்படும் ஜாப் சார்னாக்கின் கல்லறையை மூடியிருந்த கல் இவ்வகையைச் சேர்ந்தது. சென்னைப் பகுதியிலிருந்து கொண்டுசெல்லப்பட்டது. அதை ஆராய்ந்த தாமஸ் ஹாலண்டு 1893-ல் சார்னாக்கின் பெயரையே பாறைக்குச் சூட்டிவிட்டார். நம் ஊர்க் கல்லுக்கு வங்கத்தில் புதைந்த வணிகரின் பெயர்! பரங்கிமலைப் பாறையை இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாக அறிவித்துள்ளது. வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள்.

அடுத்து 1863-ஆம் ஆண்டு மே 30. அதே துறையில் பணியாற்றிய இராபர்ட் புரூஸ் ஃபூட்டுக்கு அப்போது 28 வயது. பல்லாவரத்துப் படைவீரர் அணிவகுப்பு மைதானத்தருகே சரளைக்காகத் தோண்டப்பட்ட சிறு குழியொன்று இருந்தது. அதிலிருந்து வெளியே எறியப்பட்டுக் கிடந்த கற்களிடையே, மனிதக் கையால் செதுக்கப்பட்ட கல் ஒன்று அவர் கண்ணில் பட்டது. பழைய கற்கால மனிதன் இந்தியாவில் வாழ்ந்தான் என்பதற்கு அறியப்பட்ட முதற்சான்று அதுவே. பிரான்சின் சோம் ஆற்றங்கரையில் கிடைத்த கற்கோடரிகளை இங்கிலாந்தின் அறிஞர்கள் 1859-ல்தான் ஏற்றுக்கொண்டிருந்தனர். அச்செய்தி நினைவில் இருந்த கண்ணுக்கே அக்கல் கோடரியாகத் தெரிந்திருக்கும். மற்றவர் காலடியில் அது வெறும் ஜல்லி. அவ்வாண்டு செப்டம்பரிலேயே வில்லியம் கிங்குடன் சென்று அத்திரம்பாக்கத்தையும் ஃபூட் கண்டறிந்தார். அங்கே கிடைத்த கருவிகள் ஏறக்குறைய 15 இலட்சம் ஆண்டுப் பழமை வாய்ந்தவை எனச் சாந்தி பப்பு குழுவினர் 2011-ல் நிறுவினர்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். யாரோ சரளைக்காகக் குழி தோண்டியதால் அல்லவா அக்கல் வெளிப்பட்டது? அதே தோண்டும் தொழில் பின்னாளில் இக்குன்றுகளையே விழுங்கிவிட்டது. நகரம் வளர வளரக் கருங்கல் ஜல்லிக்காகத் திரிசூலமும் பல்லாவரமும் நாளும் வெடித்துப் பிளக்கப்பட்டன. செங்குத்தாக அறுபட்ட மலைமுகங்களும் ஆழம் தெரியாத நீர்க்குட்டைகளும் இன்று எஞ்சியுள்ளன. மாங்காட்டை அடுத்த சிக்கராயபுரத்தின் கைவிடப்பட்ட குவாரி நீரை, 2017 வறட்சியில் சுத்திகரித்துச் சென்னைக்குக் குடிக்கக் கொடுத்தார்கள். குழிகளால் பயனே இல்லை என்று நாம் சொல்லவில்லை. ஆனால் பல்லாவரத்தில் எறியப்பட்ட மண்ணைக் கூர்ந்து பார்க்க ஒரு ஃபூட் இருந்தார். பிறகு வெடித்த ஆயிரம் குழிகளின் மண்ணைப் பார்த்தவர் யார்?

பல்லாவரத்துக் குன்றில் முதலாம் மகேந்திரவர்மர் ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குடைவித்த குடைவரை உள்ளது. அவருடைய விருதுப்பெயர்கள் உத்திரத்தில் வெட்டப்பட்டுள்ளன. இன்று அது தர்காவாக வழிபாட்டில் இருப்பதால், கல்வெட்டு வாசகர்கள் வழிபடுவோருக்கு இடையூறின்றிச் சென்றுவருதல் முறை. திரிசூலத்திலோ குன்றுகளின் நடுவே சோழர்காலச் சிவன்கோயில். கல்வெட்டுகள் அவ்வூரைத் திருச்சுரம் என்கின்றன. சுரம் என்றதும் பாலைத்திணையின் வறண்ட வழி நினைவுக்கு வருவதைத் தடுக்க இயலவில்லை. சொல்லாராய்ச்சி அதற்கு இடம் தருமோ தராதோ, சித்திரை வெயிலில் அப்பாறைமீது நடந்தவர்கள் இடம் தந்துவிடுவார்கள்.

காடு பிழைத்த கதைக்குத் தாம்பரம் வரவேண்டும். 1837-ல் ஜான் ஆண்டர்சன் தொடங்கிய பள்ளியிலிருந்து வளர்ந்த சென்னைக் கிறித்தவக் கல்லூரி, தன் நூற்றாண்டான 1937-ல் ஜார்ஜ் டவுன் நெரிசலை விட்டுச் சேலையூர்க் காட்டுக்குக் குடிபெயர்ந்தது. சுமார் 365 ஏக்கர் நிலம். சுவிட்சர்லாந்துக் கட்டடக் கலைஞர் ஹென்றி ஷேட்டி வரைந்த கட்டடங்கள் மரங்களுக்கிடையே விலகி விலகி நிற்க, ஒரு விடுதியிலிருந்து வகுப்புக்குச் செல்வதே ஒரு காட்டுநடை. வேதியியல் பேராசிரியராயிருந்தும் தாவரவியலில் மனத்தைப் பறிகொடுத்தவர் எட்வர்டு பார்ன்ஸ். அவரும் துணைவியார் ஆலிஸும் இங்கு நட்டுப் பேணிய மரங்கள் பல. நட்டவற்றைவிட நமக்கு அருமையாகப் படுவது வேலிக்குள் தானாகத் தழைத்த பகுதிதான். களா, காரை, சூரை, உசிலை என முள்ளும் இலையும் பின்னிய உலர் பசுமைக்காடு அது. சோழமண்டலக் கரையோரம் முழுக்க ஒருகாலத்தில் இப்படித்தான் இருந்திருக்கும். புள்ளிமான்கள் இன்றும் உலவுகின்றன. பல்லவர் சிற்பங்களின் அணிகலன்களை எண்ணிக் கணக்கிட்டுக் காலம் கணித்த கிஃப்ட் சிரோன்மணியும் இவ்வளாகத்துப் பேராசிரியரே. பல்லாவரத்திலிருந்து இங்கே வந்த நமக்கு அச்செய்தி இனித்தது.

நன்மங்கலத்தின் சுமார் 320 ஹெக்டேர் காப்புக்காட்டிலும் கைவிடப்பட்ட கல்குவாரி உண்டு. அதன் பாறைப் பிளவுகளில் கொம்பன் ஆந்தை வாழ்கிறது. வண்டலூர்க் காப்புக்காட்டின் ஒருபகுதிக்கு 1985-ல் பழைய மூர்மார்க்கெட் அருகிலிருந்த உயிரியல் பூங்கா வந்துசேர்ந்தது. கல்லூரி, வனத்துறை, பூங்கா என ஏதேனும் ஒரு வேலி விழுந்த இடத்தில் மட்டுமே காடு தங்கியிருக்கிறது. பொதுவெளியாகக் கிடந்த குன்றுகள் ஜல்லியாயின. வேலிகளை நாம் பொதுவாக விரும்புவதில்லை. இங்கே வேறு வழி தெரியவில்லை.

செல்ல விரும்பும் வாசகர்களுக்குச் சில சொற்கள். கல்லூரி வளாகத்திற்கும் காப்புக்காட்டிற்கும் முன்அனுமதி வேண்டும். உயிரியல் பூங்காவிற்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. மழை ஓய்ந்த மார்கழி, தை மாதங்கள் நடப்பதற்கு உகந்தவை. குவாரிக் குட்டைகளில் இறங்கவே கூடாது; கரையிலிருந்து ஓரடியிலேயே ஆழம் தொடங்கிவிடும். ஃபூட் திரட்டிய தொல்பொருள்களைச் சென்னை அருங்காட்சியகம் 1904-ல் விலைக்கு வாங்கியது. எழும்பூரில் அவற்றைப் பார்த்துவிட்டுப் பல்லாவரம் சென்றால், காலடிச் சரளையைக் குனிந்து பார்க்காமல் நடக்க முடியாது.