மயக்க மருந்துக் கனவுச் சிகிச்சை

மயக்க மருந்தின் பிடி தளரும்போது வரும் கனவைக் கொண்டு, பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சல் நோயைத் தணிக்க முயலும், இன்னும் ஆய்வுநிலையிலுள்ள முறை. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மருத்துவர்கள் இதை ஆராய்ந்துவருகின்றனர். பால்போல் வெண்மையான புரோபோபால் மருந்தைச் சிரையில் ஏற்றி, பிறகு படிப்படியாகக் குறைக்கிறார்கள். மூளை மின்னலைப் பதிவைக் கவனித்தபடி, விழிப்புக்குச் சற்று முந்தைய நிலையில் நோயாளியைச் சிறிது நேரம் நிறுத்திவைக்கிறார்கள். அப்போதுதான் கனவு வருகிறது. கத்தித் தாக்குதலில் கை காயமடைந்து, அதன் நினைவால் தவித்த பெண் ஒருவர், அறுவை சிகிச்சையின்போது கனவு கண்டு எழுந்தபின் அந்தத் தவிப்பிலிருந்து மீண்டார். இத்தகைய தனிநபர் பதிவுகள் நம்பிக்கை தருகின்றன. ஆனாலும் அவை சான்றாகிவிடா. குணம் தந்தது கனவா, மருந்தா என்பதைப் பிரித்தறியக் கட்டுப்பாட்டுக் குழுவுடன் கூடிய பெரிய சோதனைகள் அவசியம். புரோபோபால் மூச்சையே அடக்கிவிடக் கூடியது. மயக்கவியல் மருத்துவரின் நேரடிக் கண்காணிப்பின்றி இதைக் கையாளக் கூடாது.