செல் ஏற்பிகள்: ஹார்மோன்களும் வளர்ச்சிக் காரணிகளும் செய்தி கடத்தும் முறை

செல் ஏற்பிகள் என்பவை ஹார்மோன், வளர்ச்சிக் காரணி, நரம்புக் கடத்தி முதலிய மூலக்கூறுகளை இனங்கண்டு பற்றிக்கொண்டு, அவை கொண்டுவரும் செய்தியைச் செல்லுக்குள் நிகழும் செயலாக மாற்றும் புரதங்கள். ரத்தத்தில் கலந்த ஹார்மோன் உடலெங்கும் சுற்றினாலும், அதற்குரிய ஏற்பி உள்ள செல்தான் அதற்கு இணங்கும். ஒரே அட்ரினலின் இதயத் துடிப்பை விரைவாக்குகிறது, மூச்சுக்குழலைத் தளர்த்துகிறது, கல்லீரலிலிருந்து சர்க்கரையை வெளியேற்றுகிறது. செய்தியின் பொருளைத் தீர்மானிப்பது அதைப் பெறும் செல்லே. இவ்வுண்மையின் வெவ்வேறு முகங்களை ஆராய்ச்சியிலும் மருந்தாக்கத்திலும் வெளிக்கொணர்ந்த இந்திய நகரங்களுள் ஹைதராபாத் முக்கியமானது.

வகைகள்

ஏற்பிகளில் மூன்று பெரிய குடும்பங்கள் குறிப்பிடத்தக்கவை. முதலாவது, ஜி-புரத இணைப்பு ஏற்பிகள். இவற்றின் புரதச் சங்கிலி செல் சவ்வை ஏழு முறை ஊடுருவிச் செல்லும். மனித மரபணுத் தொகுதியில் இவற்றுக்கெனச் சுமார் 800 மரபணுக்கள் உள்ளன. அட்ரினலின், குளுக்ககான், செரோட்டோனின் ஆகியவற்றின் ஏற்பிகள் பலவும் இக்குடும்பத்தவை.

இரண்டாவது, டைரோசின் கைனேஸ் ஏற்பிகள். மனிதரில் 58 உள்ளன. இன்சுலினும் பெரும்பாலான வளர்ச்சிக் காரணிகளும் இவற்றின் வழியாகவே செயல்படுகின்றன.

மூன்றாவது, கரு ஏற்பிகள். மனிதரில் இவை 48. கார்டிசால், ஈஸ்ட்ரோஜன், தைராய்டு ஹார்மோன் போன்றவை செல்லுக்குள் நுழைந்து இவற்றுடன் இணையும். அவ்வாறு இணைந்த ஏற்பி டி.என்.ஏ.வைப் பற்றிக்கொண்டு குறிப்பிட்ட மரபணுக்களைத் தூண்டும் அல்லது அடக்கும். சவ்வு ஏற்பிகள் நொடிகளில் செயல்படத் தொடங்க, கரு ஏற்பிகளின் முழு விளைவு தெரியப் பல மணி நேரம் ஆகும்.

செய்தி கடத்தும் முறை

அட்ரினலின் ஏற்பியில் அமர்ந்ததும் ஏற்பியின் வடிவம் மாறுகிறது. உட்புறம் உள்ள ஜி-புரதம் ஜி.டி.பி. என்னும் மூலக்கூறை விட்டுவிட்டு, அதைவிட ஒரு பாஸ்பேட் கூடுதலாக உள்ள மூலக்கூறைப் பற்றிக்கொண்டு விழிக்கிறது. அது தூண்டும் நொதி, சுழற்சி ஏ.எம்.பி. என்னும் இரண்டாம் தூதுவரை உருவாக்குகிறது. இத்தூதுவரைக் கண்டறிந்த எர்ல் சதர்லேண்டுக்கு 1971இல் நோபல் பரிசு கிடைத்தது. ஒவ்வொரு படியிலும் செய்தி பெருகுவதால், சில ஹார்மோன் மூலக்கூறுகளே பெருமளவு கிளைக்கோஜனைச் சர்க்கரையாக உடைக்கப் போதுமானவை.

வளர்ச்சிக் காரணிகளின் வழி வேறு. மேல்தோல் வளர்ச்சிக் காரணி வந்து சேர்ந்ததும் இரண்டு ஏற்பிகள் இணைசேர்ந்து, ஒன்றன் டைரோசின் அமினோ அமிலங்களில் மற்றொன்று பாஸ்பேட்டைப் பொருத்துகின்றன. அந்தப் பாஸ்பேட்டைத் தருவது ஏ.டி.பி. என்னும் மூலக்கூறு. அதை 1929இல் சைரஸ் ஃபிஸ்க்குடன் சேர்ந்து அறிவித்தவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ். பாஸ்பேட் ஏறிய இடங்களில் பிற புரதங்கள் வந்து ஒட்ட, ராஸ், ராஃப், மெக், எர்க் என்னும் புரதங்கள் வழியே செய்தி கைமாறிக் கருவை அடைந்து, செல்லை இரண்டாகப் பிரியச் சொல்கிறது.

செய்தியைத் தொடங்குவதைப் போலவே முடிப்பதும் இன்றியமையாதது. பாஸ்பேட்டை அகற்றும் நொதிகள், சுழற்சி ஏ.எம்.பி.யைச் சிதைக்கும் நொதிகள், ஏற்பியைச் செல்லுக்குள் இழுத்துக்கொள்ளும் ஏற்பாடு ஆகியவை இப்பணியைச் செய்கின்றன. வளர்ச்சிச் செய்தி அணையாமல் எரிந்துகொண்டிருப்பது பல புற்றுநோய்களின் அடிப்படை.

சவ்வின் பங்கு: சி.சி.எம்.பி. ஆய்வுகள்

1977இல் புஷ்பா மித்ர பார்கவாவை நிறுவன இயக்குநராகக் கொண்டு ஹைதராபாத்தில் உருவான உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையம் சி.சி.எம்.பி. என்று அறியப்படுகிறது. இங்கு அமிதாப சட்டோபாத்யாய் குழுவினர் செரோட்டோனின்-1ஏ ஏற்பியை நீண்ட காலம் ஆராய்ந்தனர். மாட்டு மூளையின் ஹிப்போகேம்பஸ் பகுதியிலிருந்து எடுத்த சவ்வுகளில் கொலஸ்ட்ராலை வேதிப்பொருள் கொண்டு அகற்றியபோது, ஏற்பி தனக்குரிய மூலக்கூறைப் பற்றும் திறன் குறைந்தது. கொலஸ்ட்ராலைத் திரும்பச் சேர்த்ததும் திறன் மீண்டது.

ஏற்பியைத் தனிப் புரதமாக மட்டும் பார்ப்பது போதாது என்பதை இந்த ஆய்வுகள் உறுதியாகக் காட்டின. அது பதிந்திருக்கும் கொழுப்புச் சவ்வும் அதன் இயக்கத்தில் பங்காளி. ரத்தக் குழாய்க்குத் தீங்கானது என்று மட்டுமே பலரும் அறிந்த கொலஸ்ட்ரால், மூளைச் செல்களின் செய்தித் தொடர்புக்கு இன்றியமையாதது என்பது இதனால் துலங்குகிறது.

செவிசாய்க்காத செல்கள்: லெப்டின், இன்சுலின்

ஹார்மோன் நிறைந்திருந்தும் செல் இணங்காத நிலைக்கு எதிர்ப்பு நிலை என்று பெயர். குன்னூரில் தொடங்கி 1958இல் ஹைதராபாத்துக்கு இடம் மாறிய தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தில் இதற்குச் சிறந்த சான்று உண்டு. அங்கு தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்படும் எலி இனத்தில் இயல்பாகத் தோன்றிய பருமனான எலிகளை என்.வி. கிரிதரன் குழுவினர் தனி வகையாகப் பிரித்து வளர்த்து, 1996இல் அறிவித்தனர். பசி அடங்கச் சொல்லும் லெப்டின் ஹார்மோன் இவற்றின் ரத்தத்தில் மிகுதி, இன்சுலினும் மிகுதி. ஆயினும் அவை அளவுக்கு மீறி உண்டு பருக்கின்றன.

மனிதரில் இரண்டாம் வகை நீரிழிவின் மையத்திலும் இன்சுலின் எதிர்ப்பு நிலையே இருக்கிறது. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக 2023இல் வெளியான தேசிய ஆய்வு மதிப்பிட்டது. ஆகவே இந்த எலிகள் எழுப்பும் கேள்வி நம் வீடுகள் பலவற்றுக்கும் உரியது.

மருந்தாக்கம்

ஏற்பியின் இயல்பை அறிந்தால் அதை மூன்று வகையில் பயன்படுத்தலாம்: குறையும் செய்தியைக் கூட்டலாம், மங்கிய இணக்கத்தை மீட்கலாம், மிகுந்த செய்தியைத் தடுக்கலாம். மூன்றுக்கும் ஹைதராபாத்தில் எடுத்துக்காட்டு உண்டு.

மேல்தோல் வளர்ச்சிக் காரணி 53 அமினோ அமிலங்களால் ஆன சிறு புரதம். அதைக் கண்டறிந்த ஸ்டான்லி கோஹன் 1986இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். மரபணுப் பொறியியல் வழியில் இதைத் தயாரித்து, நீரிழிவுக் கால் புண்ணில் பூசும் களிம்பாக 'ரீஜென்-டி' என்ற பெயரில் பாரத் பயோடெக் விற்பனைக்குக் கொண்டுவந்தது.

டாக்டர் ரெட்டீஸ் நிறுவனத்தின் ஆய்வு மையம், இன்சுலின் இணக்கத்தைக் கூட்டும் பிபார்-காமா என்னும் கரு ஏற்பியைத் தூண்டும் மூலக்கூறுகளை உருவாக்கி, 1997இல் டென்மார்க்கின் நோவோ நார்டிஸ்குக்கு உரிமம் அளித்தது. அவ்வரிசையில் வந்த ராகாகிளிட்டசாரின் சோதனைகள், எலி இனங்களில் சிறுநீர்ப்பைக் கட்டிகள் தென்பட்டதால் 2002இல் நிறுத்தப்பட்டன.

கல்லீரல், சிறுநீரகப் புற்றுநோய்களுக்கான சோராஃபெனிப், ரத்தக் குழாய் வளர்ச்சிக் காரணியின் ஏற்பியையும் ராஃப் கைனேஸையும் தடுக்கிறது. கட்டிக்குப் புதிய ரத்தக் குழாய்கள் முளைப்பதைக் கட்டுப்படுத்துகிறது. பேயர் நிறுவனத்தின் காப்புரிமையில் இருந்த இம்மருந்துக்கு மாதம் சுமார் ரூ.2.8 லட்சம் செலவானது. ஹைதராபாத்தின் நாட்கோ நிறுவனம் கோரியபடி 2012 மார்ச் 9 அன்று காப்புரிமையாளரின் இசைவின்றியே மருந்தைத் தயாரிக்க இடமளிக்கும் கட்டாய உரிமம் இந்தியாவில் முதன்முறையாக வழங்கப்பட்டது. ஒரு மாதத்துக்குரிய 120 மாத்திரைகளின் விலை ரூ.8,880க்கு மேல் போகக் கூடாது என்பது நிபந்தனை. சென்னையில் இயங்கிய அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியம், பிரபா ஸ்ரீதேவன் தலைமையில், 2013இல் அந்த ஆணையை நிலைநிறுத்தி, காப்புரிமையாளருக்கான உரிமத்தொகையை 6 விழுக்காட்டிலிருந்து 7 விழுக்காடாக உயர்த்தியது. ஏற்பியைப் பற்றிய அறிவு நோயாளியின் கைக்கு எட்ட, நல்ல மூலக்கூறோடு நியாயமான விலையும் வேண்டும் என்பதைச் சட்டமே ஏற்றுக்கொண்ட நிகழ்வு இது.