கீறல் விழுந்தால் ஏன் வெளியே?



போன வாரம் பேரன் கூடைப்பந்து ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தான். ஒருவருக்கு முழங்கையில் லேசான சிராய்ப்பு. நடுவர் விசில் ஊதி அவரை வெளியே அனுப்பிவிட்டார். "இதுக்கெல்லாமா தாத்தா?" என்றான். வரலாற்று வாத்தியாரிடம் கேட்டால் சும்மா விடுவேனா!

சர்வதேச விதிப்படி, ரத்தம் வழிந்தால் அந்த ஆட்டக்காரரை மாற்றியே ஆகவேண்டும். ரத்தம் நின்று, காயத்தை முழுதாக மூடிய பிறகுதான் திரும்ப வரலாம். அமெரிக்காவின் என்.பி.ஏ.வில் கட்டுப்போட 30 விநாடி தருவார்கள். முன்பெல்லாம் துடைத்துவிட்டு ஆடுவதுதான் வீரம். அதை மாற்றியது எய்ட்ஸ் பயம்.

1991 நவம்பர் 7 அன்று, லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் அணியின் மேஜிக் ஜான்சன் தனக்கு எச்.ஐ.வி. இருப்பதாகச் சொல்லி ஓய்வை அறிவித்தார். ஆனாலும் 1992 பிப்ரவரியில் ஆர்லாண்டோவில் நடந்த ஆல் ஸ்டார் ஆட்டத்தில் 25 புள்ளிகள் எடுத்து ஆட்டநாயகன் ஆனார். பார்சிலோனாவில் ஒலிம்பிக் தங்கமும் வென்றார். பிறகு லேக்கர்ஸுக்கே திரும்ப நினைத்தார்.

அப்போதுதான் முணுமுணுப்பு தொடங்கியது. ஒலிம்பிக்கில் கூட ஆடிய கார்ல் மலோனே தன் பயத்தை வெளிப்படையாகச் சொன்னார். அக்டோபர் 30, சேப்பல் ஹில்லில் ஒரு பயிற்சி ஆட்டம். மேஜிக்கின் கையில் ஒரு கீறல். ஆட்டம் நின்றது, அரங்கம் அமைதியானது. அணியின் சிகிச்சையாளர் கேரி விட்டியின் பையில் கையுறை இருந்தது. அவர் போட்டுக்கொள்ளவில்லை. 'ஆபத்தில்லை' என்று ஆட்டக்காரர்களுக்குச் சொல்லிவிட்டு, நாமே கையுறை மாட்டினால் யார் நம்புவார்கள்? வெறுங்கையால் கட்டினார்.

மருத்துவ முறைப்படி கையுறைதான் சரி. ஆனாலும் எனக்கு அந்த மனிதரைப் பிடிக்கும்.

மூன்றே நாளில், நவம்பர் 2, மேஜிக் மறுபடி விலகினார். 1996இல்தான் திரும்ப ஆட முடிந்தது.

இன்றைய விதியில் எனக்குப் பிடித்தது ஒன்று. யாருடைய ரத்தம், என்ன நோய் என்று அது கேட்பதில்லை. எல்லோருக்கும் ஒரே விசில்.

1993 என்று நினைவு. நம் பள்ளி மைதானத்தில் ஒரு பையனுக்கு முழங்கால் கிழிந்து ரத்தம் கொட்டியது. பத்திரிகைகளில் எய்ட்ஸ் செய்தியாகப் படித்துக்கொண்டிருந்த காலம். பஞ்சும் டிஞ்சரும் என் கையில்தான் இருந்தன. நான் இரண்டடி தள்ளியே நின்றேன். வாட்ச்மேன் அண்ணன்தான் வாங்கிக் கட்டுப்போட்டார்.

அந்தப் பையனும் இதைப் படிப்பான். தம்பி, நீ கவனித்தாயா என்று இத்தனை வருடம் கேட்கத் தயக்கம்.